‘சுள்ளி’யின் ஆசிரியர்

கதவு சாத்தியே இருக்கிறது. உள்ளே மின்விசிறி கடகடவென்று சுற்றுவது கேட்கிறது, பேச்சுதான் கேட்கவில்லை. சத்தம் போட்டால் பயமாயிருக்கும். போடாமலிருப்பது அதைவிடப் பயமாயிருக்கிறது. என் மகள் மாரீஸ்வரியைக் கூப்பிட்டபோது நானும் எழுந்தேன். கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் வாசலிலேயே மறித்து, “பேரண்ட் வெளிய இருங்க, தேவைப்பட்டா கூப்பிடுறோம்” என்றார். எதற்குத் தேவைப்படுவேன் என்று கேட்க வாய் வரவில்லை. பிள்ளை திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். துப்பட்டா நுனி கதவில் மாட்டிக்கொள்ளப் பார்த்தது, எட்டி உள்ளே தள்ளிவிட்டேன். என்னால் ஆனது அவ்வளவுதான். இப்போது ஒன்றுக்கு வருகிறது. சாத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறேன். போய் வரலாம்தான், ஆனால் போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால்? தாயார் எங்கே என்று கேட்டு, ஆளைக் காணோம் என்று எழுதிக்கொண்டுவிட்டால்? இந்த இடத்தில் எதையும் எழுதித்தான் வைக்கிறார்கள் போலிருக்கிறது. வாசலில் வந்தபோதே என் பெயரை எழுதினார்கள், பேச்சியம்மாள் என்று சொன்னதும் அந்தக் காவல்காரர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், நான் ஏதோ தப்பான பெயர் வைத்துக்கொண்டதுபோல. காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சு வழவழவென்று இருக்கிறது. என்னைப்போல எத்தனை பேர் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து தேய்த்த வழவழப்போ.

பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை, அதை நான் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருடவில்லை, யாரையும் இழுத்துக்கொண்டு ஓடவில்லை, காப்பி அடிக்கவில்லை. ‘சுள்ளி’ என்று இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்துகிற ஒரு பத்திரிகை, நாலு பக்கம், அதன் பிரதிக் கட்டை அச்சகத்திலிருந்து வாங்கிக்கொண்டு வந்தவள் இவள். வாசலில் கேமரா வைத்திருக்கிறார்களாம், அதில் கட்டும் கையுமாக விழுந்துவிட்டாள். கட்டில் என்ன இருந்தது என்பதுதான் பிரச்சினை. பெண்கள் விடுதியில் சுகந்தி என்று சுரண்டைப் பக்கத்துப் பிள்ளை மஞ்சள்காமாலை வந்து ஊருக்குப் போய் இறந்துபோனாள். அவள் வீட்டிலிருந்தே நோயோடு வந்தவள் என்று விடுதியில் சொன்னார்கள். இல்லை, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர்தான் காரணம், இன்னும் பல பேர் படுத்திருக்கிறார்கள் என்று ‘சுள்ளி’யில் வந்துவிட்டது, தொட்டியின் படத்தோடு. அதற்குப் பிறகு தொட்டியைக் கழுவினார்களா என்றால் கழுவினார்கள், ராவோடு ராவாக. கழுவிவிட்டு யார் எழுதியது என்று தேட ஆரம்பித்தார்கள். நீ எழுதவில்லை என்று எங்களுக்குத் தெரியும், எழுதியது யாரென்று மட்டும் சொல், இல்லையென்றால் ஹால் டிக்கெட் கிடையாது என்கிறார்கள். திங்கட்கிழமை பரீட்சை. கடைசிப் பரீட்சை. எம்.எஸ்ஸி. என்று என் வீட்டில், என் தெருவில், என் சாதிசனத்தில் ஒரு பெண் எழுதப்போகிற கடைசிப் பரீட்சை. ஒரு பெயர். வாயைத் திறந்து ஒரு பெயர். அந்தப் பெயர் எனக்கும் தெரியும் என்பதுதான் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்? அதிகாரி முன்னால் நின்று பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நான் சமைக்கிற சத்துணவுக் கூடத்துக்கு மேலதிகாரி வந்தாலே கரண்டி கையிலிருந்து நழுவும்.

பெனிட்டா. மனசுக்குள் சொல்லும்போதே உதட்டைப் பொத்திக்கொள்கிறேன். செத்துப்போன பிள்ளையின் அறைத்தோழி. தூத்துக்குடிக்காரி, அப்பா கடலுக்குப் போகிறவர். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அடுப்படியில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் அதை எழுதினாள். நான் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கத்தினாள், “ஆன்ட்டி, தொட்டிக்குள்ள பச்சையா கெடக்கே, அத எப்படிச் சொல்வீங்க?” பாசி பிடித்துக் கிடக்கிறது என்பேன் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டாள். அச்சாகி வந்ததும் மாரி ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தாள். எழுத்துக்கூட்டி அந்த இடத்துக்கு வந்தபோது, நான் சொன்னது அச்சில் இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத சந்தோஷம். நானே போய் நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன் என்று பெனிட்டா சொன்னாளாம். இவள்தான் தடுத்தாளாம். ‘சுள்ளி’யில் அப்படி வழக்கமில்லையாம், எழுதினவர் யாரென்று எழுதினவரும் சொல்லக்கூடாது, மற்றவரும் சொல்லக்கூடாதாம். வழக்கம்! காதுகுத்துக்கும் சடங்குக்கும் இருக்கிற வழக்கத்தை எல்லாம் பத்தாம்பசலி என்று சொல்கிற பிள்ளை, இதற்கு வந்து வழக்கம் பேசுகிறாள். காலையில் பஸ்ஸில் சொன்னேன், சொல்லிவிடு மாரி, ஊரான் வீட்டுப் பிள்ளைக்காக நீ நாசமாய்ப் போகாதே, அந்தப் பிள்ளைக்கும் கழுத்தையா வெட்டிவிடப்போகிறார்கள் என்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் முகத்தில் அடித்தது, திரையை இழுத்துவிடக்கூட இல்லை.

எதிர்ச்சுவர் முழுக்கப் படமாக மாட்டியிருக்கிறார்கள். வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்க்காமலிருக்க வேறு சுவர் இல்லை. ‘சுள்ளி பொன்விழா’ என்று மேலே தங்க எழுத்து. எந்தப் பத்திரிகைக்காகப் பிள்ளையை உள்ளே வைத்து வறுத்துக்கொண்டிருக்கிறார்களோ அதே பத்திரிகைக்கு வெளியே கண்ணாடி போட்டு மாலை மாட்டியிருக்கிறார்கள். எனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை போலிருக்கிறது. எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள் என்னை, தம்பி பிறந்திருந்தான், அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டும், பிள்ளையைத் தூக்க ஆள் வேண்டும். அதனால் எனக்கு வாசிப்பது மெதுவாகத்தான் வரும், ஒவ்வொரு சொல்லாக, காலில் முள் தைத்தவள் நடக்கிறதுபோல. முதல் படத்தில் ஒரு கரிபிடித்த சுவர். ஆண்கள் விடுதிச் சமையலறைக்குப் பின்னால் விறகு அடுக்குகிற சுவராம், அதில்தான் முதல் ‘சுள்ளி’யைக் கையால் எழுதிச் சோற்றுப்பசை தடவி ஒட்டினார்களாம், அதனால்தான் அந்தப் பெயராம். அடுத்த படத்தில் உருளை மாட்டிய ஒரு பெட்டி, அதைச் சுற்றிப் பையன்கள், எல்லார் கையிலும் மை, ஒருவன் மூக்கிலும் மை. சைக்ளோஸ்டைல் என்று போட்டிருக்கிறது. சிரிக்கிறார்கள். இவர்களெல்லாம் இன்று கிழவர்களாகியிருப்பார்கள், சிலர் இருக்கவே மாட்டார்கள். சிரிக்கிற படத்தைப் பார்த்தால் எனக்கு அதுதான் முதலில் தோன்றும், கல்யாண ஆல்பம் பார்த்தாலும் தோன்றும், கெட்ட புத்தி. அதற்கடுத்து ஈய எழுத்துக் கோத்த காலம், பிறகு கம்ப்யூட்டர், பிறகு துப்பட்டா போட்ட பிள்ளைகள். நடுவே ஒரு அட்டையில் படமே இல்லை. ‘நிர்வாகக் காரணங்களால் சில காலம் இதழ் வெளிவரவில்லை’ என்று ஒரே ஒரு வரி. அந்த வரியில் என் கண் மாட்டிக்கொண்டது. தாண்டிப் போகிறேன், மூக்கில் மை பூசியவனைப் பார்க்கிறேன், திரும்ப அங்கேயே வந்து நிற்கிறேன். நிர்வாகக் காரணங்களால். காரணம் என்றால் என்ன, யாருக்கு என்ன நடந்தது? எங்கள் ஊரில் ஒரு வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் ‘கொஞ்ச நாள் வெளியே போக்குவரத்து இல்லை’ என்பார்கள். அப்படித்தான் இது. இந்த வரிக்குப் பின்னால் யாரோ ஒரு பிள்ளை இந்தக் கதவுக்குள் போயிருக்கிறான். அவனுடைய தாய் இங்கே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் ஒன்றுக்கு வந்திருக்கும்.

“டீ சாப்பிடுறியா தாயி? உள்ள போனா லேசுல விடமாட்டாக.” வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற அட்டெண்டர் தவமணி. நெற்றியில் பட்டை, சட்டைப் பையில் செல்போன் துருத்திக்கொண்டிருக்கிறது. வேண்டாம்ணே என்றேன். டீ குடித்தால் இன்னும் முட்டும். “பயப்படாத. இந்தப் பெஞ்சில எத்தனையோ பேரப் பாத்துட்டேன். முதல்ல புள்ள அழும், பெறகு அம்மா அழும், பெறகு ரெண்டு பேரும் கேன்டீன்ல போயி பூரி தின்பாக.” நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் சுவரைக் காட்டினார். “இதுவும் கூத்துதான். விழாவுக்கு அடிச்ச ஆணிகூட இன்னும் துருப்பிடிக்கல, அதுக்குள்ள விசாரணை.” அந்த ஒற்றை வரி அட்டையைக் காட்டி, என்னண்ணே நடந்தது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். தெரியாமலிருந்தால் தெரியாத பயத்தோடு போயிருக்கும். “அதுவா, கோமதிநாயகம் கத” என்றார். அந்தப் பெயரை எனக்குத் தெரியும். ‘சுள்ளி’யின் கடைசிப் பக்கத்தில் அடியில் ‘ஆசிரியர்: ந. கோமதிநாயகம்’ என்று இருக்கும். ஒருநாள் மாரியிடம் கேட்டேன், யாரு உங்க வாத்தியாரா என்று. விழுந்து விழுந்து சிரித்தாள். வாத்தியார் இல்லையாம், அந்தக் காலத்தில் இங்கே படித்தவராம். விடுதி அரிசியில் புழு என்று ஒரு பையன் எழுத, ஆசிரியராக இருந்த இவரைக் கூப்பிட்டு யார் எழுதியது என்று கேட்க, இவர் சொல்லாமலே நின்று, நீக்கிவிட்டார்களாம். கொஞ்ச காலம் பத்திரிகையே இல்லை. மறுபடி ஆரம்பித்தபோது ஆசிரியர் என்று பெயர் போட யாருக்கும் துணிச்சல் வராமல், போனவர் பெயரையே போட்டுவிட்டார்களாம். அதிலிருந்து எந்தப் பிள்ளை நடத்தினாலும் ஆசிரியர் கோமதிநாயகம்தான். அப்போது அது எனக்கு விளையாட்டாகத்தான் பட்டது. ஊர்க் காவலுக்கு வெட்டுப்பட்டுச் செத்தவனைச் சாமியாக்கிப் பொங்கல் வைக்கிறோமே, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன். சாமியானவன் பொங்கல் கேட்டானா என்று நினைக்கவில்லை.

“சாமியெல்லாம் இல்ல தாயி, ஆளு உசுரோட இருக்காரு” என்கிறார் தவமணி. “விழாவுக்குப் பழைய ஆளுகளக் கூப்பிடணும்னு மேல சொன்னாக. இங்க ஒரு புண்ணியவான் பழைய பத்திரிகையெல்லாம் புரட்டிப் பாத்திருக்கான். எல்லாத்துலயும் ஆசிரியர் கோமதிநாயகம், ஆசிரியர் கோமதிநாயகம். அடேயப்பா, இத்தன வருசம் ஒழச்ச மனுசனான்னு, நீண்டகாலச் சேவைன்னு போட்டுக் கேடயமே அடிச்சுட்டான். மேடையில ஏத்தின பெறகுதான் யாரோ துணைவேந்தர் காதுல போயிச் சொல்றாக, அய்யா இது நாம வெரட்டிவிட்ட ஆளுன்னு. அவரு மொகம் போன போக்கப் பாக்கணுமே! கேடயத்தக் கொடுக்கவும் முடியல, பின்னால மறைக்கவும் முடியல.” எனக்கு என்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கதவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டேன், பிள்ளை உள்ளே நிற்கும்போது ஆத்தா வெளியே சிரித்தாள் என்று ஆகிவிடும். அவரு என்ன பேசினாருண்ணே என்றேன். “ஒண்ணும் பேசல. எல்லாரையும் பாத்து ஒரு கும்பிடு, எறங்கிட்டாரு. கோவில்பட்டிப் பக்கம் உரக்கடை வச்சிருக்காராம். பெறகு என்ட்ட வந்து, ஏம்பா, என்னோட பள்ளிக்கூட சர்டிபிகேட் இங்கதான் இருக்கு, சேரும்போது வாங்கி வச்சாக, யாரப் பாக்கணும்னாரு.” யாரைப் பார்க்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “ஆபீஸ்ல கேட்டேன். மனு எழுதிக் கொடுக்கச் சொன்னாக. எழுதிக் கொடுத்துட்டுத்தான் போனாரு.” கிடைத்ததா? “அந்தக் காலத்து பீரோவையெல்லாம் கரையான் தின்னு, எடுத்துக் கொளுத்தியாச்சு. அத அவருட்ட யாரு சொல்றது? அப்பப்ப போன் பண்ணிக் கேக்காரு.” புழு என்று எழுதினவர் என்ன ஆனார் என்று கேட்டேன். “அவரா? அவருக்கென்ன, படிச்சு முடிச்சு, பெரிய அதிகாரியா இருந்து ரிட்டையராயிட்டாரு. அவருக்கும் அழைப்பு போச்சு. ஒடம்பு சரியில்லன்னுட்டாரு.” சொல்லிவிட்டுத் தவமணி செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அது பொழுதுபோக்கு.

மாரியின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.எஸ்ஸி., மூலச் சான்றிதழ் அத்தனையும் இங்கே இந்தச் சுவர்களுக்குள் எங்கோ இருக்கிறது. சேரும்போது நான்தான் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தேன், மழை பெய்ததென்று முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. அதை வாங்கிக்கொண்ட ஆள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, ஒரு கட்டின் மேல் வீசினார். கரையான். நரைத்த தலையோடு ஒரு மனுஷன் உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பள்ளிக்கூடச் சான்றிதழ் வந்துவிட்டதா என்று போன் செய்கிறான். இனி அதை வைத்து அவன் எந்த வேலைக்குப் போகப்போகிறான்? ஆனாலும் கேட்கிறான். அந்த நரைத்த தலை மாரியின் தலையாகத் தெரிகிறது, நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், அப்போதும் தெரிகிறது. பெனிட்டா பெரிய அதிகாரியாகிவிடுவாள். கல்யாணமாகி, கார் வாங்கி, ஒருநாள் அழைப்பு வந்தால் உடம்பு சரியில்லை என்பாள். என் மகள் சாத்தூரில் ஏதாவது ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே இருப்பாள், அங்கே பெண்களை உட்காரக்கூட விடமாட்டார்கள். சொல்லிவிடு மாரி. மாரியாத்தா, அவள் நாக்கில் வந்து உட்கார். ஆனால் கோமதிநாயகத்தின் தாயும் இப்படித்தானே வேண்டியிருப்பாள், சொல்லிவிடுப்பா என்று. அவன் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டபோது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். அழுது ஓய்ந்தபிறகு, ஒரு ஓரத்தில், யாருக்கும் காட்டாமல், என் பிள்ளை காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்திருப்பாளா? நினைத்திருப்பாள். அந்த நினைப்பு எத்தனை நாளைக்குச் சோறு போடும்? பெனிட்டா வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள், கருவாட்டைக் காகிதத்தில் சுற்றி எனக்குக் கொடுத்துவிட்டவள். நான் அவளைப் பார்த்ததில்லை. பார்க்காதவளுக்குத் துரோகம் செய்வது சுலபம் என்று தோன்றியது, தோன்றியதும் என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த சுகந்தியின் தாய், அவளைப் பற்றி நான் இதுவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. பிள்ளையைப் புதைத்தவள் அவள். எனக்கு ஹால் டிக்கெட்தான் பெரிசாகத் தெரிகிறது. செல்போன் அடித்தது. மாரியின் அப்பாதான், ஓட்டுகிற மினிபஸ்ஸை எங்கோ ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறார், ஹாரன் சத்தம் கேட்கிறது. “என்னாச்சுடி? சொல்லிட்டாளா?” இன்னும் உள்ளேதான் இருக்கிறாள் என்றேன். “ஒன் வளப்பு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என் வளர்ப்பு என்றால், சொல்லாமலிருப்பது என் வளர்ப்பா, சொன்னால் அது யாருடைய வளர்ப்பு?

கதவு திறந்தது. கண்ணாடி அம்மாள் இல்லை, மாரிதான். கையில் ஒரு தாள். எனக்கு முதலில் அவள் முகம் தெரியவில்லை, தாளில் ஒட்டியிருந்த அவளுடைய சின்ன போட்டோதான் தெரிந்தது, அதன்மேல் ஊதா முத்திரை. ஹால் டிக்கெட். என் உடம்பு முழுக்க ஏதோ தளர்ந்து வழிந்தது, மாரியாத்தா, மாரியாத்தா என்று சொல்லிக்கொண்டே எழுந்து அவள் தோளைப் பிடித்தேன். அவ்வளவு சந்தோஷம். அவள் பிறந்தபோதுகூட அப்படிச் சந்தோஷப்பட்டேனா தெரியாது. “கொடுத்துட்டாங்களா? என்ன சொன்ன?” என்றேன். அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். “நீ சொல்லச் சொன்னதத்தான்” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் திட்டியிருப்பேன், உனக்காகத்தானே என்று அழுதிருப்பேன், பூரி தின்னக் கூட்டிப் போயிருப்பேன். ஒன்றுமே இல்லாத குரல், அவள் குரலேயில்லை. உள்ளேயிருந்து மணி அடித்தது, தவமணி எழுந்து போனார். நாங்கள் நடந்தோம். சுவரோரமாக அவள் நடந்தாள், அந்தப் படங்களைப் பார்க்காமல். நானும் பார்க்கவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. படியிறங்கும்போது அவள் கையைப் பிடிக்கப் போனேன், கைப்பையை அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

கீழே வேப்பமர நிழலில் பெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள், சுடிதார் முதுகெல்லாம் வியர்வை. எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தாள். “என்னாச்சு ஆன்ட்டி? கொடுத்தாங்களா?” கொடுத்துட்டாங்கம்மா என்று என் வாய் சொன்னது. “அய்யோ, மாதாவே!” என்று மாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாரியின் கைகள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. “நான் மேல வந்து சொல்லிரலாம்னு ரெண்டு தடவ படியேறிட்டேன் ஆன்ட்டி. இவ என்னைக் கொன்னுருவாளேன்னுதான் எறங்கிட்டேன்.” சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டாள். அதில் அவர்கள் இரண்டு பேருக்குமாக நான் கட்டி வந்த புளியோதரை இருந்தது. “நேரா பஸ் ஸ்டாண்ட் போற வண்டி இருக்கு, வாங்க, நான் ஏத்திவிடுறேன்” என்று முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். கூடையை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், எட்டித் தொடும் தூரம்தான், கை வரவில்லை. மேலே வராந்தாவிலிருந்து தவமணியின் குரல் கேட்டது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெனிட்டா நின்றாள். திரும்பி வராந்தாவைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தாள், இன்னும் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. “என்னையா கூப்பிடுறாங்க?” என்றாள். மாரி குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள், அவள் நிமிரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். “ஆமாம்மா, ஒன்னத்தான்” என்றேன். கூடையை என் கையில் கொடுத்துவிட்டு, “நீங்க போங்க ஆன்ட்டி, வெயில்ல நிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, அவள் படிகளைப் பார்த்து நடந்தாள்.